டிசம்பர் வெயிலும் அப்பா அம்மாவும்

டிசம்பர்ல அப்பாவும் அம்மாவும் மெல்பர்ன் வர்றாங்க. "ஸ்வெட்டர் எடுத்துக்கவா?"ன்னு அம்மா. இங்க அப்பதான் கோடையே!

மேற்கே சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராம்பியன்ஸ் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா 2024 டிசம்பர்ல மின்னலால் பற்றிய காட்டுத்தீ அங்க சுமார் 76 ஆயிரம் ஹெக்டேரைத் தின்னுடுச்சு. தீ அபாயம் உச்சத்தில் இருக்கிற நாள்ல பூங்காவையே மூடிடுவாங்க. அதனால மாற்று ஏற்பாடு: போர்ட் கேம்ப்பெல் கடலோரத்துப் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள்.

பயந்துடுவாரோன்னு தயங்கித்தான் அப்பாகிட்ட தீ விஷயத்தைச் சொன்னேன். "மலையும் பாறையும் எங்கடா ஓடிடப் போகுது? மூடியிருந்தா வீட்லயே இருப்போம். உன்னைப் பாக்கத்தானே வர்றோம்"னார்.

அதுல ஒரு பாறை 2005லயே இடிஞ்சு விழுந்ததை இன்னும் சொல்லலை :-)