உங்களுக்குத் தெரியுமா? வீடு இருந்தும் தெருப்பிள்ளைதான்!

சிவகாசிப் பட்டாசு ஆலையில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அம்மா கையால் சாப்பிட வீடு திரும்பும் சிறுவனும், பேருந்து நிலையத்தில் அட்டையை விரித்துப் படுக்கும் சிறுவனும் சட்டத்தின் முன் ஒன்றுதான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இருவரையும் ஒரே உட்பிரிவில் வைத்திருக்கிறது: ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’.

● 18 வயது நிரம்பாத யாரும் குழாயில் வெடிமருந்து திணிக்கவோ, பட்டாசுச் சரம் பின்னவோ கூடாது. ‘பையனுக்குப் பதினாலு முடிஞ்சிருச்சே’ என்ற சாக்கு, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பின் வெடிபொருள் வேலையில் செல்லாது.

● சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும். அன்றைக்கு அது சின்னத் தொகை அல்ல.

● கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் வேலை பார்ப்பது சிவகாசிப் பக்கம் சகஜம். ஒரு வெடிவிபத்து போதும், வேலைக்கே போகாத பிள்ளையும் பராமரிப்பு தேவைப்படும் அநாதையாகிவிடும். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சன்குளம் விபத்தில் ஒரு சிறுமிக்கு அதுதான் நேர்ந்தது.

● பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்தவர்களின் கல்விச் செலவை, உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். தாமதமான அறிவிப்புதான், ஆனாலும் தேவையானது.

இப்படி வேலை பார்க்கும், தெருவில் படுக்கும், ஆதரவற்ற ஒரு பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது.