ஒப்புமை நிகழ்பட எண்முறையாக்கம்

ஒப்புமை நிகழ்பட எண்முறையாக்கம் என்பது, வி.எச்.எஸ். முதலான காந்த நாடாக்களில் அனலாக் முறையில் பதியப்பட்ட நிகழ்படத்தை (வீடியோவை) ஓர் இயக்கியில் ஓடவிட்டு, அதிலிருந்து வெளிவரும் மின்குறிகையைக் கணினியின் துணையுடன் எண்களாக மாற்றிக் கோப்பாகச் சேமிக்கும் செயல்முறை ஆகும். இவ்வாறு பெறப்படும் கோப்பு பின்னர் டிவிடி ஒளித்தட்டாகவோ வேறு எண்முறை வடிவமாகவோ மாற்றப்படுகிறது. திருமணம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, கூத்து போன்றவற்றின் பழைய பதிவுகள் பலவும் இன்றும் நாடாக்களில் மட்டுமே உள்ளமையால், இச்செயல்முறை வீட்டுப் பயன்பாட்டுடன் ஆவணப் பாதுகாப்பிலும் முக்கியத்துவம் பெறுகிறது.

பின்னணி

வி.எச்.எஸ். முறையை யப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. சோனி நிறுவனத்தின் பீட்டாமாக்சு அதற்கு ஓர் ஆண்டு முன்னரே, 1975 இல், சந்தைக்கு வந்திருந்தது. கையடக்க ஒளிப்படக்கருவிகளுக்கான வீடியோ-8 வடிவம் 1985 இலும், அதன் மேம்பட்ட வடிவமான ஹை-8 1989 இலும் வெளிவந்தன. இந்தியாவில் 1982 ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ணத் தொலைக்காட்சி தொடங்கியது. அதற்குப் பின்னரே நிகழ்படக் கருவிகள் தமிழ்நாட்டு நகரங்களிலும் ஊர்களிலும் பரவலாயின.

நாடாவை ஓட்டும் வி.சி.ஆர். கருவிகள் தற்போது புதிதாக உற்பத்தி செய்யப்படுவதில்லை. இவற்றைக் கடைசியாக உற்பத்தி செய்து வந்ததாக அறியப்படும் யப்பானின் பூனாய் நிறுவனம் 2016 சூலை மாதத்துடன் உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே நாடா நன்னிலையில் இருந்தாலும், அதனை ஓட்டும் கருவியும் உதிரிப் பாகங்களும் ஆண்டுதோறும் அரிதாகி வருகின்றன. எண்முறையாக்கத்தைத் தள்ளிப்போட இயலாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

நாடாவில் நிகழ்படம் பதியப்படும் முறை

வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர் ஆகும். நாடா, சுழலும் ஓர் உருளையைச் சுற்றிச் சாய்வாகச் செல்கிறது. உருளையில் பொருத்தப்பட்ட காந்தத் தலைகள் நாடாவின் மீது சாய்வான கோடுகளாகப் படத்தைப் பதிகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் (பி.ஏ.எல்.) முறையில் இவ்வுருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழல்கிறது.

பால் முறையில் ஒரு படச்சட்டகம் 625 வரிகளைக் கொண்டது. அவற்றுள் 576 வரிகளே கண்ணுக்குத் தெரியும் படத்தைத் தருகின்றன. நொடிக்கு 25 சட்டகங்கள் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகள் கொண்ட ஒரு புலமாகவும் இரட்டைப்படை வரிகள் கொண்ட மற்றொரு புலமாகவும் பிரிக்கப்படுவதால், உண்மையில் நொடிக்கு 50 புலங்கள் பதிவாகின்றன. இப்பின்னல் அமைப்பை எண்முறையாக்கத்திலும் கெடாமல் காக்க வேண்டும்.

வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்ட நுண்மை ஏறத்தாழ 240 வரிகளே. எனவே எத்தகைய உயர்ந்த கருவியைப் பயன்படுத்தினாலும், நாடாவில் இல்லாத நுணுக்கத்தைக் கணினியால் உருவாக்கித் தர இயலாது. உள்ளதை இழக்காமல் எடுப்பதே இச்செயல்முறையின் நோக்கம்.

தேவையான கருவிகள்

- நாடாவை ஓட்டும் வி.சி.ஆர். அல்லது ஒளிப்படக்கருவி.
- குறிகையை எண்களாக மாற்றும் கருவி. இது கணினியினுள் பொருத்தும் அட்டையாகவோ, யூஎஸ்பி வழி இணையும் சிறு கருவியாகவோ, பயர்வயர் வழி இணையும் மாற்றியாகவோ இருக்கலாம்.
- இணைப்புக் கம்பிகள். மஞ்சள் நிறக் கம்பி கூட்டுப் படக்குறிகையையும், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் ஒலியையும் கொண்டு செல்கின்றன.
- போதிய வெற்றிடமுள்ள வன்தட்டு.
- பிடித்தல், தொகுத்தல், டிவிடி ஆக்குதல் ஆகியவற்றுக்கான மென்பொருட்கள். விண்டோசு இயங்குதளத்தில் வெர்ச்சுவல்டப் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

கருவியில் எசு-வீடியோ இணைப்பு இருந்தால், கூட்டுக் குறிகைக்குப் பதிலாக அதனைப் பயன்படுத்துவது நல்லது. இதில் ஒளிர்வுத் தகவலும் நிறத் தகவலும் தனித்தனிக் கம்பிகளில் செல்வதால், அவை ஒன்றோடொன்று கலந்து விளிம்புகளில் நிறப்புள்ளிகள் தோன்றுவது குறைகிறது.

செயல்முறை

நாடாவை ஆயத்தப்படுத்தல்

முதலில் பேழையின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு நெகிழித் தாவலை உடைத்து அகற்ற வேண்டும். இது இல்லாத பேழையின் மீது வி.சி.ஆர். புதிதாகப் பதியாது. பின்னர்ப் பேழையின் கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். சுருளின் விளிம்பில் வெண்மையான துகள் படிந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சையாகும். அத்தகைய நாடாவை ஓட்டினால் பூஞ்சை காந்தத் தலைகளை அடைப்பதுடன், அடுத்து ஓட்டப்படும் நாடாக்களுக்கும் பரவும். அதனைத் தூய்மை செய்த பின்னரே ஓட்ட வேண்டும்.

நெடுநாள் ஓடாமல் இருந்த நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டி மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்றினால் அதன் இறுக்கம் சீராகும். நாடா நலிந்த நிலையில் இருப்பின், முதல் முறை ஓட்டும்போதே பிடித்துவிட வேண்டும். சில நாடாக்கள் இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை.

பிடித்தல்

படமும் ஒலியும் ஒரே கருவியின் வழியாகக் கணினிக்குள் வருவது சிறந்தது. படத்தை ஓர் அட்டையும் ஒலியைக் கணினியின் ஒலி அட்டையும் பெற்றால், இரண்டின் கடிகாரங்களும் சற்று வேறுபட்டு ஓடும். அதனால் தொடக்கத்தில் பொருந்தியிருந்த உதட்டசைவு ஒரு மணி நேர முடிவில் விலகிப்போகும்.

பிடிக்கும் அளவு 720 × 576 படவணுக்கள், நொடிக்கு 25 சட்டகங்கள் என அமைக்கப்படுகிறது. பிடிக்கும் வேளையில் கணினியில் வேறு நிரல்களை இயக்காதிருத்தல் நலம். மென்பொருள் காட்டும் "விடுபட்ட சட்டகங்கள்" எண்ணிக்கையைக் கவனித்துவர வேண்டும்.

கோப்பின் அளவு

ஒரு மணி நேர நிகழ்படம் எடுத்துக்கொள்ளும் இடம் சுருக்க முறையைப் பொறுத்தது.

- சுருக்கப்படாத வடிவம்: ஏறத்தாழ 75 கிகாபைட்டு.
- இழப்பற்ற சுருக்கம் (அப்யுவ், எஃப்எஃப்வி1 போன்றவை): பெரும்பாலும் இதில் பாதி அல்லது அதற்கும் குறைவு.
- டிவி வடிவம்: ஏறத்தாழ 13 கிகாபைட்டு.
- டிவிடிக்குரிய எம்பெக்-2: 2 முதல் 4 கிகாபைட்டு.

பாட்-32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. எனவே என்டிஎப்எசு போன்ற கோப்பு முறைமை கொண்ட வன்தட்டிலேயே பிடிக்க வேண்டும்.

டிவிடியாக்கல்

ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு. இதில் படத்தின் வீதம் நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு மணி நேரத்தை ஒரே தட்டில் அடக்க வேண்டுமெனில், படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டு மட்டுமே கிடைக்கும். மூன்று மணி நேரப் பேழையெனில் அது 3.4 மெகாபிட்டாகக் குறையும். அவ்வேளையில் 720 × 576 அளவில் படம் கட்டம்கட்டமாகச் சிதையும். டிவிடி தரநிலை ஏற்கும் 352 × 576 அளவைத் தேர்ந்தால் சிதைவு குறையும். வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்ட நுண்மை குறைவானதால் இதனால் ஏற்படும் இழப்பும் சிறிதே. நீண்ட பேழையை இரண்டு தட்டுகளாகப் பிரிப்பதும் வழக்கம்.

புல வரிசையைச் சரியாகக் குறிப்பிடுவது இன்றியமையாதது. டிவி வடிவக் கோப்புகளில் கீழ்ப்புலம் முதலில் வரும். பல பிடிப்பு அட்டைகளில் மேற்புலம் முதலில் வரும். இதனை மாற்றிக் குறித்தால், ஓடும் மனிதரும் சுழலும் கரகமும் முன்னும் பின்னும் அதிர்வது போலத் தோன்றும். டிவிடியும் பின்னல் வரிகளை ஏற்பதால், பிடித்த புலங்களைக் கலைக்காமல் அப்படியே அளிப்பது நன்று.

பொதுவான சிக்கல்கள்

- படத்தின் மேற்பகுதி வளைதல், நெளிதல்: நாடாவின் வேகம் நுண்ணிய அளவில் மாறுவதால் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாகத் தொடங்குகிறது. காலத்தளத் திருத்தி எனப்படும் கருவி வரிகளை நினைவகத்தில் சேர்த்து ஒழுங்குபடுத்தி அனுப்புகிறது.
- கிடைமட்டமாக ஓடும் இரைச்சல் பட்டை: காந்தத் தலை, பதிவுக் கோட்டின் மீது சரியாகப் பொருந்தவில்லை. வி.சி.ஆரில் உள்ள டிராக்கிங் திருகைச் சரிசெய்ய வேண்டும்.
- படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து தோன்றுதல்: ஒரு தலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடமாகும். இது இயல்பானது, பழைய தொலைக்காட்சிகளின் விளிம்பில் மறைந்திருந்தது.
- படம் முழுதும் பனித்துளி போன்ற இரைச்சல்: காந்தத் தலை அழுக்கடைந்திருக்கக்கூடும்.

தமிழ்ச் சூழலில்

தமிழர் வீடுகளில் உள்ள நாடாக்கள் ஒரே தரத்தைச் சேர்ந்தவை அல்ல. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பதியப்பட்டவை பால் முறையில் அமைந்தவை. கனடாவில் பதியப்பட்டவை 525 வரிகள் கொண்ட என்டிஎசுசி முறையிலும், பிரான்சில் பதியப்பட்டவை சீகாம் முறையிலும் அமைந்திருக்கலாம். கனடாவிற்கு அனுப்பப்பட்ட ஊர்த் திருமணப் பேழையை அங்குள்ள சாதாரண வி.சி.ஆரில் பார்க்க இயலாது. பல்முறை வி.சி.ஆர். வேண்டும். இத்தகைய நாடாவை அதன் சொந்த முறையிலேயே பிடித்து, தேவையானால் பின்னர் மாற்றுவதே சிறந்தது.

பல குடும்பங்கள் தங்கள் பேழைகளை முன்னரே வி.சி.டி. ஆக மாற்றியுள்ளன. வி.சி.டி.யின் பால் அளவு 352 × 288 மட்டுமே. அதாவது 576 வரிகளில் பாதி அங்கேயே கைவிடப்பட்டுவிடுகிறது. ஆதலால் வி.சி.டி. இருக்கிறது என்பதற்காக மூல நாடாவை எறிந்துவிடக் கூடாது.

தட்பவெப்பமும் கருதத்தக்கது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் உள்ள கரியாலூர், வெள்ளிமலை போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் ஈரம் மிகும். ஈரமான அலமாரியில் வைக்கப்பட்ட நாடாவில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். குளிர்ந்த இடத்திலிருந்து நாடாவை வெப்பமான சமவெளிக்குக் கொண்டுவந்தால், அதன் மீது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியலாம். ஈர நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். எனவே உறையுடன் சில மணி நேரம் புதிய இடத்தில் வைத்திருந்து, பின்னரே ஓட்ட வேண்டும். மலைவாழ் மக்களின் திருவிழா, சடங்குப் பதிவு எதுவாயினும், வேறு படி இல்லாத ஒற்றைப் பேழையாக இருந்தால் இக்கவனம் இன்னும் தேவைப்படுகிறது.

பாதுகாத்தலும் உரிமையும்

டிவிடி என்பது பார்ப்பதற்கான படி மட்டுமே, காப்பகப் படி ஆகாது. எழுதத்தக்க தட்டுகளின் சாயப் பூச்சு வெப்பத்தாலும் ஒளியாலும் கெடும். தற்காலக் கணினிகள் பலவற்றில் தட்டு இயக்கியும் இல்லை. ஆகவே இழப்பற்ற அல்லது டிவி வடிவ மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வேறு இடங்களில் வைத்திருப்பது நல்ல நடைமுறை. காப்பகங்கள் விரும்பும் எஃப்எஃப்வி1 வடிவத்தின் விவரக்குறிப்பு 2021 இல் இணையப் பொறியியல் செயலணியால் வெளியிடப்பட்டது. நாடாப் பதிவுகளுக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு என்பதை எச்சரிக்க, யுனெசுகோ 2019 இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 17 ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அவரே ஆவார். எனவே குடும்பத்தினர் கட்டணம் செலுத்தி எடுக்கச் செய்த திருமணப் பேழையை அவர்கள் எண்முறையாக்கத் தடையில்லை. விலைக்கு விற்கப்பட்ட திரைப்படப் பேழைகளின் நிலை வேறு. திரைப்படங்களுக்கான பதிப்புரிமை, வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அத்தகைய பேழைகள் சிலவற்றில் உள்ள மேக்ரோவிசன் தடுப்பு, பிடிக்கப்படும் படத்தை ஒளிர்ந்தும் மங்கியும் தோன்றச் செய்யும்.

எண்முறையாக்கிய பின்னரும் மூல நாடாவை நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில், காந்தப் பொருட்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். நிகழ்வின் பெயர், ஊர், நாள், தோன்றுவோர் ஆகிய விவரங்களைக் கோப்புடன் எழுதி வைத்தால், அவர்களை அறிந்தோர் இல்லாத காலத்திலும் அப்பதிவு பொருளுடையதாக இருக்கும்.

இவற்றையும் பார்க்க

- காந்த நாடா
- நிகழ்படம்
- எம்பெக்-2
- எண்முறைப் பாதுகாப்பு