49 வாக்கு வித்தியாசம்: ராதாபுரத்தில் நடந்தது என்ன?

2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் அதிமுக வேட்பாளர் ஐ.எஸ். இன்பதுரை 69,590 வாக்குகளும், திமுக வேட்பாளர் மு. அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றனர். 49 வாக்கு வித்தியாசத்தில் இன்பதுரை வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அப்பாவு இத்தொகுதிக்குப் புதியவர் அல்லர். 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2001-இல் சுயேச்சை, 2006-இல் திமுக என ஒரே தொகுதியில் மூன்று முறை மூன்று சின்னங்களில் வென்றவர். 2011-இல் தொகுதி கூட்டணிக் கட்சியான காங்கிரசுக்குப் போனதால் அவர் களத்தில் இல்லை.

தபால் வாக்கில் என்ன சிக்கல்?

தேர்தல் பணிக்குச் செல்லும் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தபாலில் வாக்களிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. வாக்குச்சீட்டுடன் 13-ஏ படிவத்தில் உறுதிமொழி எழுதி, தகுதியுள்ள அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டியிருந்தது. ராதாபுரத்தில் 203 தபால் வாக்குகளுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பம் இட்டிருந்தனர். அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று கூறி, அத்தனையும் செல்லாதவை என ஒதுக்கப்பட்டன. ஒதுக்கப்பட்டவை வெற்றி வித்தியாசத்தைப் போல நான்கு மடங்கு. கடைசிச் சுற்றுகளின் எண்ணிக்கை குறித்தும் ஐயம் எழுப்பிய அப்பாவு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுத்தார்.

எண்ணியும் வெளிவராத முடிவு

தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆனால் இவ்வழக்கில் உத்தரவு வரவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 203 தபால் வாக்குகளையும், 19, 20, 21-ஆம் சுற்றுகளில் எண்ணிய மின்னணு இயந்திர வாக்குகளையும் மீண்டும் எண்ணுமாறு 2019 அக்டோபர் 1 அன்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்பதுரை உச்ச நீதிமன்றத்தை அணுகினார். மறு எண்ணிக்கையைத் தடுக்க மறுத்த உச்ச நீதிமன்றம், முடிவை வெளியிட மட்டும் தடை விதித்தது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் வாக்குகள் எண்ணப்பட்டன. அடுத்த பொதுத்தேர்தல் வரை முடிவு வெளியாகவில்லை. இன்பதுரை பதவிக்காலம் முழுவதும் உறுப்பினராக நீடித்தார்.

மீண்டும் அதே இருவர்

2021-இல் இருவரும் அதே தொகுதியில் மோதினர். அப்பாவு 5,925 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மே 12 அன்று சட்டப்பேரவைத் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நூலிழை வெற்றியை எதிர்த்து வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. தீர்ப்பு பதவிக்காலத்துக்குள் வராவிட்டால் அந்த வழியால் பயன் இல்லை. ராதாபுரத்தில் நீதிமன்றத்துக்கு முன்பே வாக்காளர்கள் முடிவைச் சொல்லிவிட்டனர்.