அம்மாவின் ஈரலில் ஒரு துண்டு

குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோமே, அப்போது நம் கை படாத இடம் அதன் உடம்பில் உண்டா? அதனால்தான் கைக்குழந்தைக்கு ஈரலில் கட்டி வந்தால் முதலில் கண்டுபிடிப்பது பல சமயம் டாக்டர் அல்ல, அம்மாவோ பாட்டியோதான். வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்படும். குழந்தையோ சிரித்து விளையாடிக் கொண்டிருக்கும். "மாந்தம், வேறொன்றுமில்லை" என்பார் ஒருவர். "பால் குடித்த வயிறு, கண் வைக்காதே" என்பார் இன்னொருவர். யார் என்ன சொன்னாலும் சரி, தடவி அமுக்கிக் கரைக்கிறேன் என்று வயிற்றில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கட்டி உள்ளுக்குள் கிழிந்து ரத்தம் கசிந்துவிடலாம். மறுநாளே டாக்டரிடம் காட்டி ஸ்கான் எடுத்துவிடுங்கள்.

ஈரல் என்றதும் பெரியவர்களுக்கு ஜம்மி லிவர் க்யூர் ஞாபகம் வரும். அந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு வந்த ஈரல் நோய் வேறு. பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலில் இறங்கிய தாமிரம் அதற்கு ஒரு காரணம் என்று பிற்பாடு கண்டார்கள். எவர்சில்வர் வந்தபின் அது அநேகமாக மறைந்தே போயிற்று. நான் சொல்ல வந்தது ஈரலுக்குள்ளேயே முளைக்கும் கட்டி.

இதில் புற்றுக்கட்டியும் உண்டு. ஹெபடோபிளாஸ்டோமா என்று பெயர். அபூர்வமானதுதான். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வரும். குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. புற்று என்றதும் மனம் உடைந்துவிட வேண்டாம். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவார்கள். பிறகு அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள். கிளை வெட்டின முருங்கை துளிர்க்கிற மாதிரி மிச்ச ஈரல் வளர்ந்துவிடும்.

ஆனால் ஈரலின் நான்கு பகுதியிலும் கட்டி பரவியிருந்தால்? பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கொண்டிருந்தால்? மிச்சம் வைக்க இடமில்லை. முழு ஈரலையும் எடுத்துவிட்டு மாற்று ஈரல் வைப்பதுதான் வழி. இங்கேதான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். "முதலில் முடிந்த மட்டும் வெட்டிப் பார்க்கலாம், திரும்ப வந்தால் மாற்றிக் கொள்ளலாம்" என்று இருப்பது நல்லதல்ல. கட்டி திரும்பி வந்தபின் மாற்றினால் பலன் குறைகிறது. ஆகவே முதல் ஸ்கானிலேயே, "ஈரல் மாற்று டாக்டரும் இதைப் பார்க்க வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை!

இந்த ஆபரேஷன் சுலபத்தில் கைவந்ததல்ல. 1963-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்தார். குழந்தை பிழைக்கவில்லை. 1967-ல் ஈரல் புற்று வந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குச் செய்ததில் அது ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தது. கடைசியில் புற்று பரவிவிட்டது. கட்டியை முதலில் அடக்கி வைக்கும் நல்ல மருந்து அன்று இல்லை. இன்று அனுபவமுள்ள இடங்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகள் ஐந்து வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள்.

1989-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு ஜப்பானியத் தாய் தன் பிள்ளைக்கு ஈரலில் ஒரு துண்டு கொடுத்தாள். இந்தியாவில் 1998-ல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்பா கொடுத்தார். அதற்குக் கட்டியில்லை, பித்தநாளக் கோளாறு. அந்தக் குழந்தை இப்போது டாக்டர்!

சின்னக் குழந்தைக்கு, பெரியவர் ஈரலின் இடப்பக்கத்தில் சுமார் கால் பங்கு போதும். ரத்த வகை ஒத்துப்போக வேண்டும், கொழுப்பு படியாத ஈரலாக இருக்க வேண்டும். கொடுத்தவருக்குச் சில மாதத்தில் ஈரல் வளர்ந்துவிடும். ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் மருமகளை மட்டுமே எல்லாரும் கைகாட்டுவது நியாயமில்லை. அப்பாவுக்கும் ஈரல் உண்டு என்பதை வீட்டில் மறக்க வேண்டாம்.

எல்லாக் கட்டியும் புற்றல்ல. பிஞ்சுக் குழந்தைக்கு ரத்தக் குழாய்களே பின்னிக் கட்டியாவதுண்டு. தோலில் சிவப்பு மச்சம் போல ஐந்து அல்லது அதற்கு மேல் புடைத்திருந்தால் ஈரலையும் ஸ்கான் செய்யச் சொல்கிறார்கள். ஈரல் முழுக்க இது நிறைந்துவிட்டால் இருதயம் இரட்டிப்பு வேலை செய்து ஓய்ந்துபோகும், தைராய்டும் குறையும். 2008-ல் பிரான்ஸில் போர்தோ நகரத்து டாக்டர்கள், ப்ரொப்ரனலால் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தே இந்த வகைக் கட்டியைச் சுருக்குவதை வெளியிட்டார்கள். அதன்பின் ஈரல் மாற்றும் நிலைக்குப் போகிறவர்கள் வெகு சிலரே. இந்த மருந்தைப் பட்டினி வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பால் கொடுத்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னும் சிலருக்குக் குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குப் போகாமல் வேறு வாய்க்காலில் ஓடிவிடும். பெரும்பாலும் அந்த வாய்க்காலை அடைத்தாலே போதும்.

ஈரல் மாற்றிய குழந்தைக்கு ஆயுள் பூராவும் மருந்து உண்டு, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. கேட்காமல் நாட்டு மருந்து கூடாது. பப்ளிமாஸ் பழமும் கூடாது, அது ரத்தத்தில் மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.