பேனா மூடிக்குள் பனித்துளி

மழைக்காலக் காலை வேளையில் ஊற்றுப் பேனாவைத் திறப்போர், மூடியின் உட்சுவரிலும் நிப்பைத் தாங்கும் கழுத்திலும் ஈரம் படிந்திருக்கக் காண்பதுண்டு. உடனே பேனா ஒழுகுகின்றது என்று தீர்மானித்து, மரையில் மெழுகு பூசுவதும், நிப்பை அழுத்திச் செருகுவதும், மூடியிலுள்ள சிறு துளையை அடைப்பதும் பலருடைய வழக்கம். இம்முயற்சிகள் பெரும்பாலும் பயன் தருவதில்லை; சில வேளை தீங்கும் விளைக்கின்றன. பேனாவினுள் காணும் ஈரம் இரு வகைப்பட்டது என்பதை அறியாமையே இதற்குக் காரணம். ஒன்று, கசிந்த மை. மற்றொன்று, மையிலிருந்து ஆவியாக எழுந்து, குளிர்ந்த சுவரில் மீண்டும் நீராகப் படிந்த பனி.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. மழைமானியில் சேர்ந்த நீரைக் காலை 8.30 மணிக்கு அளந்து, பதிவேட்டில் குறிக்கும் பணியாளரின் பேனாவிலிருந்து ஒரு துளி வீழ்ந்தால், 13.2 என்பது 18.2 எனப் படிக்கப்படலாம். அளந்த நீரைக் கொட்டிவிட்ட பின் அவ்வெண்ணைச் சரிபார்க்க வழியில்லை. பந்துமுனைப் பேனா எங்கும் பரவிவிட்ட போதிலும், மைப் பேனாவை விடாது கையாளும் ஆசிரியர்களும் அலுவலர்களும் இன்றும் உள்ளனர். அவர்கள் பதிவேடுகளுக்கு இது பொருந்தும்.

ஈரம் எவ்வகையினது எனக் கண்டறிய, வெள்ளை ஒற்றுத்தாளை மெல்லிய பட்டையாகக் கத்தரித்துத் துளியின்மேல் வைத்தாலே போதும். தாள் நிறம் பெறாமல் நனைந்தால் அது பனி. நிறம் ஏறினால் மை. நிப்பின்மேல் பட்ட துளி எதுவாயினும் நிறம் காட்டுமாதலின், மூடியின் உச்சிப் பகுதியிலிருந்து துளியை எடுத்துச் சோதித்தல் வேண்டும்.

மையின் பெரும்பகுதி நீரே. மூடிய பேனாவில் நிப்பைச் சூழ்ந்துள்ள காற்று, நிப்பிலிருந்து எழும் நீராவியால் விரைவில் பூரித நிலையை அடைகின்றது. அதாவது, மேலும் நீராவியை ஏற்கமாட்டாத நிலைக்கு வந்துவிடுகின்றது. பின்னர் உஷ்ணம் தணிந்தால், மிகுதியான ஆவி நீராகப் பிரிந்தே தீரும். பாடநூல்கள் இவ்வளவோடு நிறுத்திவிடும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் இது போதிய விளக்கமன்று என்பது புலனாகும். ஒரு கன மீட்டர் காற்று, 30 பாகை சென்டிகிரேடில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமையே தாங்கும். மூடிக்குள் உள்ள காற்றோ சுமார் 3 கன சென்டிமீட்டர். அது 10 பாகை குளிர்ந்தால் வெளிவிடும் நீர் 0.04 மில்லிகிராம் மட்டுமே. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு திவலையின் நிறையோ 4 மில்லிகிராம், அதாவது இதைப்போல் நூறு மடங்கு. மூடிக்குள் இருந்த காற்று மட்டும் இத்திவலையைத் தந்திருக்க இயலாது.

உண்மையில் அங்கு நிகழ்வது ஒரு சிறு வாலைவடிப்பே. சட்டைப் பையில் செருகிய பேனாவின் உடற்பகுதி மார்பின் சூட்டைப் பெறுகின்றது. மூடியின் தலைப்பகுதி வெளிக்காற்றில் குளிர்ந்து நிற்கின்றது. சூடான நிப்பிலிருந்து ஆவி எழுகின்றது. குளிர்ந்த சுவரில் அது நீராகின்றது. இழந்த ஆவியை ஈடுசெய்ய நிப்பிலிருந்து மேலும் ஆவி எழுகின்றது. இவ்விரண்டுக்குமிடையே உஷ்ண வேற்றுமை நீடிக்கும்வரை இவ்வோட்டம் நிற்பதில்லை. நீர் போய்விடுவதால் நிப்பில் எஞ்சிய மை தடித்துவிடுகின்றது. அதனால் காலையில் எழுதும் முதல் வரி கருத்துக் காணப்படும். மாறாக, திவலைகள் வழிந்து நிப்பில் சேர்ந்துவிட்டால் முதல் வரி வெளிறிப்போகும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். நிரந்தரப் பதிவுக்குரிய வரி வெளிறுதல் ஆகாதாகையால், முதலில் ஒரு கழிவுத்தாளில் நாலைந்து கோடுகள் இழுத்துப் பார்ப்பது நன்று.

இப்பனிக்கு மருந்து எளிது. மெல்லிய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, மூடிக்குள் செலுத்தித் துடைத்துவிட்டால் போதும். துடையாமல் விட்டாலும், உஷ்ணம் மாறாத இடத்தில் பேனா சில நாள் கிடந்தால் திவலைகள் தாமே சிறுத்துவிடும். கரைபொருள்கள் நிறைந்த மை, தூய நீரைவிடக் குறைந்த ஆவியழுத்தம் உடையதாகலின், ஆவி இப்போது எதிர்த்திசையில் செல்லும். வெயிலில் காயவைத்தல் கூடாது. எபனைட் நிறம் மங்கும்; செல்லுலாயிட் இளகும், அன்றியும் அது எளிதில் தீப்பற்றும் பொருள். பழைய மூடிகளிலுள்ள சிறு துளையை அடைப்பதும் தவறு. மூடியைக் கழற்றும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து மை உறிஞ்சப்படாதிருக்கவே அத்துளை வைக்கப்பட்டது.

தாளில் கறை விழுவதற்கோ பெரும்பாலும் காரணம் மூடியன்று, மைக்கூடு. இந்தியாவில் நெடுங்காலம் பெருவழக்கிலிருந்தவை, உடற்குழலிலேயே சொட்டுக்குழாயால் மை நிரப்பும் பேனாக்கள். ராஜமகேந்திரவரத்தில் 1930களில் சுதேசி முயற்சியாகத் தோன்றிய எபனைட் பேனாக்களும் இவ்வகையினவே. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உட்புக வேண்டும் என்பதே எல்லா ஊற்றுப் பேனாக்களுக்கும் அடிப்படை. 1884இல் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற, நிப்பின் அடியில் பொருத்தும் வரிப்பள்ளமுள்ள நாக்கு இதனைச் செவ்வனே நிறைவேற்றியது. ஆனால் உட்புகுந்த காற்று அங்கே சும்மா இருப்பதில்லை.

மூன்று கன சென்டிமீட்டர் கொள்ளும் குழலில் அரை கன சென்டிமீட்டர் மையே எஞ்சியுள்ளது என வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டரையும் காற்று. கையின் சூட்டால் அது 20 பாகையிலிருந்து 35 பாகைக்கு உயர்ந்தால், உலர்ந்த காற்றாயின் 0.13 கன சென்டிமீட்டர் விரியும். ஆனால் மைக்கு மேலுள்ள காற்று நீராவி நிறைந்தது. இவ்வுஷ்ண உயர்வில் நீராவியின் அழுத்தம் இரு மடங்குக்கு மேல் பெருகுவதால், விரிவு 0.22 கன சென்டிமீட்டரை எட்டுகின்றது. இது சுமார் நான்கு சொட்டு மை. நாக்கின் பள்ளங்கள் தாங்கியது போக எஞ்சியது தாளில் விழும். குழல் ஏறக்குறைய நிறைந்திருந்து, காற்று 0.3 கன சென்டிமீட்டரே இருப்பின், இதே உயர்வில் வெளிவருவது அரைச் சொட்டே. குறைந்த மையுடன் எழுதுவதே கறைக்குக் காரணம் எனப் பழைய எழுத்தர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். தடித்த எபனைட் சுவர் சூட்டை மெதுவாகவே கடத்தும். உலோகக் குழல் இவ்வகையில் மோசம்.

ஆசிரியர்கள் இதனை இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளால் காட்டலாம். ஒன்றை நன்றாக உலர்த்தி, மற்றொன்றில் சில துளி நீர் விட்டு, இரண்டுக்கும் குழாய் செருகிய தக்கை இட்டு, குழாய் முனைகளை நீரில் அமிழ்த்த வேண்டும். புட்டிகளை ஒரே அளவு வெந்நீரில் வைத்தால், ஈரப்புட்டியின் குழாயிலிருந்து குமிழிகள் மிகுதியாக வெளிவருவதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

குளிர்பதன அறைகள் பெருகியுள்ள இக்காலத்தில் வேறொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. வெளிக்காற்று 30 பாகை உஷ்ணமும் 85 சதவீத ஈரப்பதமும் உடையதாயின், 27 பாகைக்குக் குறைந்த எப்பொருளின்மேலும் அதிலிருந்து பனி படியும். 24 பாகை அறையிலிருந்து வெளிவந்த பேனாவை உடனே திறந்தால், மூடியின் உட்புறத்திலும் பனி படரும். குளிர்ந்த மைக்கூட்டுக் காற்றும் கையில் விரியத் தொடங்கும். பத்து நிமிடம் பொறுத்து, நிப்பு மேல்நோக்கியவாறு திறந்தால் இவ்விரு தொல்லைகளும் பெரிதும் குறையும்.

மலைப் பயணத்தில் உஷ்ணம் மாறாவிடினும் கறை நேரும். ஏறத்தாழ 650 மீட்டர் உயரமுள்ள கால்காவிலிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள சிம்லாவுக்கு ஏறுகையில் காற்றழுத்தம் குறைவதால், குழலிலுள்ள காற்று ஆறில் ஒரு பங்குக்கு மேல் விரிய முற்படும். முகாம் செல்வோர் பேனாவை முழுதும் நிரப்பியோ, முழுதும் காலி செய்தோ, நிப்பை மேல்நோக்கி வைத்துக் கொண்டு செல்வது தகும். காலி செய்த பேனாவைத் தண்ணீரால் கழுவி, நிப்பு கீழ்நோக்கியிருக்குமாறு துணியிட்ட குவளையில் ஓர் இரவு நிறுத்தி, அதன் பின்னரே மூடுதல் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு இரவுகள் ஆகும்.