கொலைகார யானை சாதுவான கதை!

கூடலூரில் மைசூர் பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்தில் முதுமலைக் காடு வந்துவிடும். ரோட்டோரத்திலேயே மான் மேயும். மயில் நடக்கும். "அம்மா, அதோ!" என்று குழந்தைகள் கூச்சல் போடுவார்கள். புலியா? அது அவ்வளவு சுலபத்தில் தரிசனம் தராது!

வனத்துறை வேனில் காட்டைச் சுற்றியவர்கள் கடைசியில் கூடும் இடம், தெப்பக்காடு. மாயாற்றங்கரையில் உள்ள யானைகள் முகாம் அது. ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துப் பெரிய பெரிய கவளமாக உருட்டுகிறார்கள். யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. பாகன் கவளத்தை உள்ளே வைக்கிறார். அவ்வளவுதான், மாயம்!

சுட உத்தரவு

இந்த வரிசையில் முன்பு மூர்த்தி என்ற யானையும் நின்றது. மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானை. பிடிபடுவதற்கு முன் அது 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது!

அதைச் சுட்டுத் தள்ளும்படி கேரளத்தில் உத்தரவு பிறந்தது. அதற்குள் யானை எல்லை தாண்டிக் கூடலூர் பக்கம் வந்துவிட்டது. இங்கே யாரும் சுடவில்லை. 1998-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பில் பல காயங்கள். கால்நடை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி வைத்தியம் பார்த்தார். அவர் பெயரே யானைக்கும் வந்தது.

மனிதரைக் கண்டால் பாய்ந்த யானை, மனிதர் கையால் கவளம் வாங்கித் தின்னப் பழகியது. சர்க்கார் உத்தியோகஸ்தரைப்போல 58 வயதில் அதற்கு ஓய்வும் கிடைத்தது.

முகாமில் 26 ஆண்டுகள் வாழ்ந்த மூர்த்தி, 2024 அக்டோபரில் அங்கேயே இறந்தது.