சாங்கிச் சுவரில் ஐந்து சித்திரங்கள்

"நம்பிக்கை" என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, வாசகர்களே? சம்பளத்துக்கு முன்னே அரிசியும் பருப்பும் கடனாகத் தரும் கடைக்காரர், "உங்க மேலே நம்பிக்கை இருக்கு" என்கிறார். நாலு நம்பர் எழுதிவிட்டு வருகிறவர், "இந்த வாரம் நம்பிக்கையா இருக்கு" என்கிறார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையும் அதையேதான் சொல்கிறது. மூன்றும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் சொல் ஒன்றுதான்.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெரியவர்கள் இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். கடவுளைப் பற்றிக்கொள்வதற்கு விசுவாசம் என்ற சொல்லை வைத்தார்கள். இன்னும் வராததை எதிர்நோக்கி நிற்பதற்கு நம்பிக்கை என்ற சொல்லை வைத்தார்கள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றைப் பவுல் அடிகள் சேர்த்துச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் முதலாவதைப் பற்றி நிறையக் கேட்கிறோம். கடைசியைப் பற்றி அதைவிட அதிகமாகக் கேட்கிறோம். நடுப்பிள்ளை மட்டும் எப்போதும்போலக் கவனிப்பாரற்று நிற்கிறது. அந்த நடுப்பிள்ளையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். எல்லாச் சமயத்தாரும் படிக்கும் இதழ் இது என்பதை நான் மறக்கவில்லை. உபதேசம் செய்யப் போவதில்லை. நம் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் நடந்த ஒரு கதையைச் சொல்லப்போகிறேன்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 50,000 பேர் தீவின் கிழக்கு மூலையில் உள்ள சாங்கிப் படை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டான்லி வாரன். வயது இருபத்தைந்துக்குள். பீரங்கிப் படையில் பம்பார்டியர் என்ற சிறு பதவி. போருக்கு முன்னே விளம்பரச் சித்திரங்கள் வரைந்து பிழைத்தவர். படையிலும் எதிரி இருக்கும் நிலப்பரப்பைப் பார்த்துப் பார்த்து வரைந்து கொடுப்பதுதான் அவருடைய வேலை.

கைதிகளைப் புக்கிட் பாத்தோக் குன்றுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். ஜப்பானியப் போர்வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் வேலை. தங்களைத் தோற்கடித்தவனுக்குத் தங்கள் கையாலேயே நினைவுச் சின்னம்! அந்த முகாமில் கைதிகள் வழிபாட்டுக்கென்று அத்தாப்புக் கூரை போட்ட ஒரு சிறு கோயில் கட்டிக்கொண்டார்கள். சித்திரம் எழுதத் தெரிந்தவர் என்பதால் வாரனைக் கூப்பிட்டார்கள். அவர் கரியை எடுத்து இரண்டு படங்கள் வரைந்தார். உடனிருந்த சிப்பாய்களின் முகங்களையே மாதிரியாக வைத்துக்கொண்டாராம்.

பிறகு நோய் பிடித்தது. சிறுநீரகக் கோளாறும், அதோடு ரத்தக்கடுப்பும். ஜப்பான்காரன் காலத்துத் தோட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மருந்தில்லாத இடத்தில் ரத்தக்கடுப்பு என்றால் என்ன பொருள் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. 1942 மே மாதம் சாங்கியில் ராபர்ட்ஸ் முகாமில் இருந்த கைதிகளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியபோது 151-ஆம் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அதன் கீழ்த்தளத்தில் கைதிகள் ஓர் அறையைக் கோயிலாக்கி, வைத்தியரான பரிசுத்த லூக்காவின் பெயரை வைத்திருந்தார்கள். மருத்துவமனைக் கோயில் அல்லவா, பொருத்தமான பெயர்தான். அங்கே பாடகர் குழு பாடுவது படுத்துக்கிடந்த வாரனின் காதில் விழுந்தது. சுவர்களில் படம் எழுத முடியுமா என்று குருமார் கேட்டார்கள். சரி என்றார்.

அவர் என்னத்தைக் கொண்டு எழுதினார் என்பதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். வண்ணப்பெட்டி ஏது? இராணுவ வண்டிகளை மறைக்கப் பூசும் பழுப்புச் சாயம் கிடைத்தது. கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, துளி ஊதா. நீலம் இல்லை. நீலத்துக்கு என்ன செய்வது? அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் ஆடும் கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டி இருக்கிறதே, அதைப் பொடித்தார்கள். உடன் கைதிகள் எங்கெங்கோ தேடிப் பொறுக்கி, சில சமயம் உயிரைப் பணயம் வைத்து, கொண்டுவந்து கொடுத்த பொருள்கள் இவை. ஆகஸ்டு கடைசியில் வேலை தொடங்கியது. உடம்பில் தெம்பு இல்லை. கால்மணி நேரம் எழுதுவார், களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார், மறுபடி எழுந்து எழுதுவார்.

1942 கிறிஸ்துமஸுக்குள் முதல் சித்திரம் தயாராகிவிட்டது. இயேசுவின் பிறப்பு. பூமியிலே சமாதானம் என்று வானதூதர் அறிவித்த செய்தியை அதிலே எழுதினார். யோசித்துப் பாருங்கள், சமாதானம் என்ற சொல் அந்தச் சுவரில்! தொடர்ந்து கடைசி இராப்போஜனம், சிலுவைப்பாடு, பரமேறுதல், சிறையில் லூக்கா என்று 1943-இல் ஐந்தும் முடிந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தடி நீளம்.

இங்கே ஓர் இடத்தில் நான் நிற்கவேண்டும். சிலுவைப்பாட்டுச் சித்திரத்தில் வாரன் எழுதிய வாசகம் எது தெரியுமா? தம்மை அறைந்தவர்களை மன்னிக்கும்படி, அவர்கள் அறியாமல் செய்கிறார்கள் என்று இயேசு சிலுவையிலிருந்து பிதாவிடம் வேண்டிக்கொண்டாரே, அந்த வார்த்தை. விடுதலை கிடைத்து, இங்கிலாந்துக்குப் போய், வயிறார உண்டபின் எழுதியதல்ல. காவல்காரன் வெளியே துப்பாக்கியோடு நிற்கும்போது எழுதியது.

இதைப் படிக்கும்போது உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். எனக்கும் எழுந்தது. படம் எழுதியவர் பிழைத்துக்கொண்டார். பிழைக்காதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் ஜெபிக்கவில்லையா?

ஜெபித்தார்கள். சாங்கியில் இன்னொரு கோயில் ஒரு சிறு பள்ளிவாசல் கட்டடத்தில் நடந்தது. அதன் குரு எரிக் கார்டிங்லி. அவருக்காக ஹாரி ஸ்டாக்டன் என்ற சிப்பாய், பீரங்கிக் குண்டின் வெறும் பித்தளைக் கூட்டை வெட்டித் தேய்த்து ஒரு சிலுவை செய்து கொடுத்தார். 1943-இல் குருவைச் சயாமுக்கு அனுப்பியபோது அந்தச் சிலுவையையும் எடுத்துப்போனார். காட்டு முகாமில் அதை வைத்துக்கொண்டுதான் இறந்தவர்களை ஒவ்வொருவராக அடக்கம் செய்தார். சிலுவை திரும்பி வந்தது. இன்று சாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் செய்த கைகளுக்கு உரியவர் தம் வீட்டுக்குத் திரும்பவேயில்லை.

ஆகவே, கிறிஸ்தவ நம்பிக்கை என்பது "நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற எண்ணமல்ல. அப்படிச் சொல்கிறவர்கள் சிலர் உண்டு. பணமும் சுகமும் வரும் என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள். அவர்களைச் சாங்கிச் சுவரின் முன்னே ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கிறிஸ்தவனின் நம்பிக்கை வேறொன்றின்மேல் நிற்கிறது. சிலுவையில் செத்தவர் கல்லறையில் தங்கவில்லை என்பதன்மேல். எழுந்தவரின் கைகளில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது என்கிறது வேதம். பட்ட பாடு இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆனால் கடைசி வார்த்தையும் அதனுடையதல்ல.

சயாம் என்றதும் தோட்டத்து வாசகர்களுக்கு வேறு நினைவு வந்திருக்கும். வரத்தான் வேண்டும். 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதிலே செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000-க்கும் மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாய்க் கல்லறை இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பேர் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் சனங்கள் பல்லாயிரம். செத்தவர்கள் அந்தக் கைதிகளைவிடப் பன்மடங்கு. அவர்களுக்குப் பேர் எழுதிய கல் எங்கே?

என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். 1943-இல், "மூணு மாச வேலை, அரிசி உண்டு, துணி உண்டு" என்று சொல்லிப் பிரட்டுக் களத்திலேயே லோரியில் ஏற்றினார்களாம். பாட்டிக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர்களுடைய தாயார் சாகும்வரைக்கும் இரவில் லயத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. பையன் வந்து தட்டினால் காது கேட்காமல் போய்விடுமாம்.

பாட்டி தவறாமல் கோயிலுக்குப் போவார். ஆனால் கர்த்தருடைய ஜெபத்தைச் சபையார் சேர்ந்து சொல்லும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் பாட்டியின் வாய் மூடிக்கொள்ளும். பிறர் பிழைகளை மன்னிக்கிறோம் என்று சொல்லும் இடம். அது கடந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார். பக்கத்தில் நின்ற குழந்தை நான், பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். அப்பா ஜப்பான் நாட்டுச் சோற்றுப்பானை வாங்கிவந்தபோது, பாட்டி தனியாக விறகடுப்பில் தம் சோற்றை வடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷம். யாரும் குறை சொல்லத் துணியவில்லை.

வாரனின் சித்திரங்களுக்கு வருகிறேன். அந்தக் கோயிலை ஜப்பானியர் பிறகு சாமான் அறையாக்கினார்கள். கதவு வைப்பதற்காகச் சுவரை உடைத்ததில் லூக்கா சித்திரத்தின் கீழ்ப்பகுதி போய்விட்டது. மற்றவற்றின்மேல் வெள்ளை பூசப்பட்டது. 1958-இல்தான், அங்கே இருந்த பிரிட்டிஷ் விமானப் படையினர் பூச்சுக்கு அடியில் படங்கள் இருப்பதைக் கண்டார்கள். எழுதியவர் யார் என்று தெரியவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்து, மறு ஆண்டு ஆளைக் கண்டுபிடித்தார்கள். லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியராக இருந்தார். (நம் தொழில்காரர்தான்!) திரும்பி வந்து படங்களைச் சீர்படுத்தித் தாருங்கள் என்று கேட்டபோது உடனே புறப்பட்டு வந்துவிடவில்லை. அந்த நாள்களை மறப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்? ஆனாலும் 1963-இல் வந்தார். 1982-இலும் 1988-இலும் வந்தார். 1992-இல் காலமானார். எழுதிய சுவர்கள் இராணுவ வளாகத்துக்குள் இருக்கின்றன. நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது.

2004-இல், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரீட்சை முடிந்ததும் சாங்கி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே அந்தச் சித்திரங்களின் நகல்களைப் பார்த்தோம். ஒரு சிறுமி, "டீச்சர், அந்த ஆளுக்குக் கோபமே வரலியா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. சிலுவைப்பாட்டுப் படம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பாட்டியிடம் கொடுத்தேன். கதையையும் சொன்னேன்.

பாட்டி படத்தை ஜன்னல் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இதை அவன் வெளியே வந்தப்புறம் எழுதுனானா, உள்ளே இருக்கும்போதா?"

"உள்ளே இருக்கும்போதே, பாட்டி."

"ஜப்பான்காரனுக்கும் சேத்தா?"

"ஆமாம்."

அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த இடம் வந்தபோது உதடு அசைந்ததுபோல் இருந்தது, சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் வாய் பழையபடி மூடிக்கொண்டது. பிறகு ஒரு வாரம் அசைந்தது. 2009-இல் பாட்டி இறக்கும்வரை அப்படித்தான், சில வாரம் உண்டு, சில வாரம் இல்லை. நான் கேட்டதில்லை. அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு.

விறகடுப்பையும் அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் அந்தப் படம் அவருடைய வேதாகமத்துக்குள் இருந்தது. வாங்கிவந்த சில நாளில் என்னைக் கூப்பிட்டு, பேனா எடுத்துவரச் சொன்னார். படத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"எனக்கு எழுதத் தெரியாது. அண்ணன் பேரை இதுல எழுது. எழுத்து பெரிசா இருக்கட்டும்."